ரயில் மட்டுமா பிரிகிறது மணியாச்சியில்? மண்ணும் மரமும்கூட!

மணியாச்சி என்றதும் பலருக்கும் 1911 ஜூன் 17 நினைவுக்கு வரும். திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுவிட்டு, தன்னையும் மாய்த்துக்கொண்ட ரயில் நிலையம் அது. இன்று அதன் பெயரே ‘வாஞ்சி மணியாச்சி’. இந்த வரலாறு தெரியாதவர்களுக்கும் அது ஒரு ஜங்ஷன் என்பது தெரியும். ஒரு பாதை வடக்கே கோவில்பட்டிக்கு, ஒன்று தென்மேற்கே திருநெல்வேலிக்கு, இன்னொன்று கிழக்கே தூத்துக்குடிக்குப் போகிறது.

இந்த மூன்று பாதைகளிலும் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கோவில்பட்டிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மண். மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நெல்லைப் பக்கம் போனால் செம்மண், பாறை, முள்காடு. அதைத் தாண்டியதும் ஆற்றோரத்தின் வாழையும் நெல்லும். தூத்துக்குடிப் பக்கம் போனால் பனையும் உடையும் வந்து, கடைசியில் செடியே முளைக்காத உப்பளம். எல்லாம் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள்!

மேலே இருக்கும் வானம் ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்தச் சமவெளிக்கு ஆண்டுக்குச் சுமார் 650 மி.மீ. மழைதான் சராசரி. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அதே மழை, அதே வெயில். அப்படியிருக்க, இங்கே பருத்தியும் அங்கே பனையும் ஏன்? ஒரு ஊரில் வேம்பு தானாக முளைக்கிறது. அடுத்த ஊரில் தண்ணீர் ஊற்றி வளர்த்தாலும் கன்று பிழைப்பதில்லை. அது ஏன்?

பதில் வானத்தில் இல்லை, காலடியில் இருக்கிறது. நிலத்தின் மேடு பள்ளம், அந்த மேட்டிலிருந்து தண்ணீரும் காற்றும் எதை அடித்து வந்தன, எங்கே கொண்டுபோய்ப் போட்டன என்பதுதான் எந்தச் செடி எங்கே வாழும் என்பதை முடிவு செய்கிறது. இதைத் தெரிந்துகொள்வது ரசனைக்காக மட்டும் இல்லை. ஊர் ஊராக மரம் நடுகிறோம், முள்ளை வெட்டுகிறோம், ‘சும்மா கிடக்கிற தரிசு’ என்று நிலங்களுக்குப் பெயர் வைக்கிறோம். இந்தக் கணக்கு தெரியாமல் செய்தால் பணமும் போகும், உழைப்பும் போகும், நிலமும் போகும்.

கறுப்பு எப்படி வந்தது?

கரிசல் மண் என்றால் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மகாராஷ்டிரத்துக் கரிசலுக்கு அது சரி. ஆனால் கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பக்கம் எரிமலைப் பாறை கிடையாது. இங்கே அடியில் கிடப்பது மிகப் பழமையான நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகள். அப்புறம் எப்படிக் கரிசல் வந்தது?

கோவில்பட்டிக்குத் தெற்கே நிற்கும் குருமலையிலிருந்து கீழே இறங்கி வருவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உச்சியில் வெறும் பாறை. சரிவில் உடைந்த கல்லும் சரளும். மலையடியில் செம்மண், நம் ஊர்ப் பேச்சில் ‘செவல்’. இன்னும் கீழே, நிலம் தட்டையாகும் இடத்தில் கரிசல். அதற்கும் கீழே ஓடையும் கண்மாயும், அதில் வண்டலும்.

மேட்டில் விழும் மழை பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரையக்கூடிய சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் தண்ணீரோடு கீழே போய்விட, கரையாத இரும்பு மேலேயே தங்கித் துருப்பிடிக்கிறது. செவலின் சிவப்பு அந்தத் துருவின் நிறம்தான். கீழே போன சுண்ணாம்பும் மெக்னீசியமும் தட்டையான தாழ்நிலத்தில் தேங்குகின்றன. அடித்துச் சென்று கடலில் சேர்க்க இங்கே போதுமான மழை இல்லை. தேங்கிய சத்துகள் அங்கேயுள்ள நுண்ணிய களியோடு சேர்ந்து, தண்ணீர் பட்டால் உப்பும் ஒரு தனி வகைக் களிமண்ணாக மாறுகின்றன. மிஞ்சிய சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாக உருண்டு ‘சுக்கான்’ ஆகிறது. கரிசல் காட்டில் கிணறு வெட்டியவர்களுக்கு இந்தச் சுக்கானை நன்றாகத் தெரியும்.

மேலே சிவப்பு, கீழே கறுப்பு என்ற இந்த வரிசை நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. ஆப்பிரிக்காவின் இன்றைய தான்சானியாவில் பணியாற்றிய ஜெஃப்ரி மில்ன் என்ற மண் ஆய்வாளர், குன்றுக்குக் குன்று இதே வரிசை திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். ‘சங்கிலி’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லை 1935-இல் அதற்குப் பெயராக வைத்தார். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் வேறு மண், அதனால் வேறு செடி. ‘இடைசெவல்’, ‘கரிசல்குளம்’ என்று மண்ணையே ஊர்ப் பெயராக வைத்த நம் முன்னோர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது. எழுத்தாளர்கள் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்த ஊர்தான் இடைசெவல். கரிசல் என்ற மண்ணின் பெயர் ஒரு இலக்கிய வகைக்கே பெயரானது அவர்களால்தான்.

வேரை அறுக்கும் மண்

கரிசலில் ஏன் மரம் குறைவு? வளம் போதாது என்று நினைத்தால் தவறு. பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, பாசி, கொத்தமல்லி, மிளகாய், சூரியகாந்தி என்று எத்தனையோ விளையும் பூமி அது. மரத்துக்கு இருக்கும் சிக்கல் வேறு.

இந்தக் களியின் துகள்கள் புத்தகத்தின் தாள்கள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். தண்ணீர் தாள்களுக்கு நடுவே புகுந்ததும் புத்தகம் உப்பும், காய்ந்ததும் சுருங்கும். சித்திரை, வைகாசியில் கரிசல் காட்டில் நடந்து பாருங்கள். கை நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருக்கும். ஆழம் ஒரு மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. இளம் மரத்தின் வேர்கள் இந்த இழுபறியில் அறுந்துபோகின்றன. அறுபடாத வேரும் வெடிப்பு வழியே புகும் வெயிலில் காய்கிறது. மேல்மண் பொடிந்து வெடிப்புக்குள் விழ, மழையில் உப்பி மேலே வர, மண் தன்னைத்தானே புரட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உலக மண் வகைப்பாட்டில் இதற்கு ‘புரளும் மண்’ என்ற பொருளில் ‘வெர்டிசால்’ என்று பெயர்.

கரிசலில் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். அஸ்திவாரத்தை ஆழப்படுத்தாமல் கட்டினால் இரண்டு மழைக்காலத்தில் சுவரில் கோடு விழும். சிமென்ட் சுவருக்கே அந்தக் கதி என்றால் முழ உயரக் கன்று என்ன செய்யும்?

மாறாக, ஒரு பருவத்தில் முளைத்து, பூத்து, காய்த்து முடிக்கும் செடிகளுக்குக் கரிசல் நல்ல வீடு. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துக்கொண்ட களி, தை, மாசி வரைக்கும் அந்த ஈரத்தை விடாமல் வைத்திருக்கும். மழை நின்ற பிறகும் பயிர் பனியிலும் அடி ஈரத்திலும் முற்றி வரும். மானாவாரியின் சூட்சுமம் இதுதான். இந்த மண்ணுக்கென்றே பழகிய நாட்டுப் பருத்தி கருங்கண்ணி. 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களுக்காகவும் கருங்கண்ணி ரகங்களுக்காகவும் பெயர் பெற்றது. ஆழமாக நேரே இறங்கும் ஆணிவேர், நாட்டுப் பருத்தியின் பலம்.

கடலையைக் கேட்டால் அது வேறு சொல்லும். கடலையின் பூக்காம்பு மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்க வேண்டும். பொலபொலப்பான செவலில் சுலபமாக இறங்கும். பிடுங்கும்போதும் காய் செடியோடு வரும். காய்ந்து இறுகிய கரிசலில் இழுத்தால் செடி கைக்கு வரும், காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஒரே ஊரில் மேட்டுக் காட்டில் கடலையும் பள்ளக் காட்டில் பருத்தியும் போடுவது இந்தக் கணக்கில்தான்.

கரிசலிலும் தாக்குப்பிடிக்கும் மரம் ஒன்று உண்டென்றால் அது மஞ்சணத்தி. உழுகிற கலப்பை வேரை வெட்டினாலும் வெட்டிய இடத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். மாட்டு வண்டிக் காலத்தில் நுகத்தடிக்கு இந்த மரத்தைத்தான் தேடுவார்கள். வேம்பும் புளியும் பெரும்பாலும் ஊர் நத்தத்தின் மேட்டிலும் ஓடைக்கரையிலும், தண்ணீர் வடியும் இடமாகப் பார்த்து நிற்கும்.

பாறை கொடுக்கும் வட்டி

கரிசலுக்கு நடுவே ஆங்காங்கே கல்மலைகள் தனியாக நிற்கின்றன. கழுகுமலை, குருமலை, வல்லநாட்டு மலை. சுற்றியிருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து சமவெளியாகிவிட, உறுதியான பகுதி மட்டும் மிஞ்சி நிற்கும் குன்றுகள் இவை. கழுகுமலையில் பாண்டியர் காலச் சிற்பிகள் 8-ஆம் நூற்றாண்டில் ஒரே பாறையைக் குடைந்து வெட்டுவான் கோயிலைச் செதுக்க முடிந்ததே இந்த உறுதியால்தான்.

வெறும் பாறையில் என்ன முளைக்கும் என்று நினைக்கலாம். ஆனால் பாறை மழையைக் குடிப்பதில்லை. விழுவதை எல்லாம் வழியவிட்டு அடிவாரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் வானத்திலிருந்து 650 மி.மீ. விழும் ஊரிலும் மலையடிக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது. பாறை கொடுக்கும் வட்டி என்று வைத்துக்கொள்ளலாம். குன்றின் அடியைச் சுற்றி மட்டும் ஒரு பச்சை வளையம் தெரிவதும், சுனைகளும் தெப்பக்குளங்களும் அங்கே அமைந்ததும் அந்த வட்டியால்தான். பாறை வெடிப்பில் சேர்ந்த ஒரு கைப்பிடி மண்ணைப் பிடித்துக்கொண்டு கல்லால மரமும், சரிவில் சதுரக்கள்ளியும், சரளில் உசிலையும் வெப்பாலையும் ஆவாரையும் வாழ்கின்றன. தண்டிலேயே தண்ணீரைச் சேமிக்கும் கள்ளிக்கு, உடனே வடிந்துவிடும் பாறை நிலம் வசதி. அதையே கரிசல் பள்ளத்தில் நட்டால் மழைக்காலத்தில் அழுகிப்போகும்.

மானுக்கும் தெரியும் இந்த வரைபடம்

மணியாச்சியிலிருந்து நெல்லைக்குப் போகும் வழியில் நாரைக்கிணறு, கங்கைகொண்டான், தாழையூத்து நிலையங்கள் வரும். கரிசல் விலகி, சரளும் செம்மண்ணும் பாறையும் தலைகாட்டும் பகுதி இது. தாழையூத்தில் சுண்ணாம்புக் கல் கிடைத்ததால்தான் அங்கே சிமென்ட் ஆலை வந்தது.

கங்கைகொண்டானில் சுமார் 288 ஹெக்டேரில் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. 2013-இல் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து கிழக்கே, அதிகத் தூரம் இல்லை, வல்லநாடு. அங்கே 1987-இல் அறிவிக்கப்பட்ட வெளிமான் சரணாலயம், சுமார் 1,641 ஹெக்டேர். இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுதான்.

பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஏன் இரண்டு வகை மான்? புள்ளிமானுக்கு ஒதுங்க நிழலும் புதரும் வேண்டும். வெளிமான் பெயரிலேயே ‘வெளி’ இருக்கிறது. எதிரியை வெகு தூரத்திலேயே பார்த்து, தாவி ஓடித் தப்பிக்கும் பிராணி அது. அதற்குப் புல்லும், அங்கங்கே குடைவேல் மரமும், மறைப்பில்லாத திறந்த நிலமும்தான் வீடு. மண் செடியைத் தீர்மானிக்கிறது. செடி மானைத் தீர்மானிக்கிறது. அந்தத் திறந்த வெளியில் நெருக்கமாக மரம் நட்டால், நாம் காடு வளர்த்ததாக நினைப்போம். வெளிமானுக்கோ வீடு போய்விடும்.

வெயிலுக்குக் குடை பிடித்த மாதிரி தட்டையாக விரியும் இந்தக் குடைவேல் மரத்தை நம் பக்கம் ‘உடை’ என்பார்கள். இந்தியக் காடுகளை 1968-இல் வகைப்படுத்திய சாம்பியன், சேத் இருவரும் இந்தக் குடைவேல் முள்காட்டையும் ஒரு தனிக் காட்டு வகையாகவே பட்டியலில் சேர்த்தார்கள். நாம் ‘வெறும் முள்’ என்று தாண்டிப்போவதும் கணக்கில் ஒரு காடுதான்.

128 கிலோமீட்டரில் ஐந்து திணை

நெல்லையை நெருங்கியதும் காட்சி சட்டென்று மாறும். காரணம் தாமிரபரணி. பொதிகை மலையில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.-க்கும் மேல் மழை பெறும் சோலைக்காட்டில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. மலையும் காடும் வயலும் கடற்கரையும் வறண்ட பொட்டலும் இந்தச் சிறிய தூரத்துக்குள் அடக்கம். நிலத்துக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று செடி கொடிகளின் பெயரை வைத்த மரபு ஏன் தமிழில் பிறந்தது என்று யாராவது கேட்டால், இந்த ஆற்றோரமாக ஒரு நாள் அழைத்துப் போனால் போதும்.

வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு தன் இரு கரையிலும் வண்டலைப் பரப்பும். எட்டு அணைக்கட்டுகள் அந்தத் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கின்றன. கடைசி அணை ஸ்ரீவைகுண்டத்தில். நெல்லும் வாழையும் ஆத்தூர் வெற்றிலையும் அந்த வண்டலின் பிள்ளைகள். வண்டல் எட்டாத சரளை மேட்டை இங்கே ‘பரம்பு’ என்பார்கள். ஆதிச்சநல்லூரின் 114 ஏக்கர் தாழிக்காடு அமைந்திருப்பது அப்படியொரு பரம்பில்தான். விளையும் வண்டல் நிலம் உயிரோடு இருப்பவர்களுக்கு, விளையாத மேடு மறைந்தவர்களுக்கு. இரும்புக் காலத்து மனிதர்கள் நிலத்தைப் படித்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நிலத்தை ஆறு மாற்றி எழுதுவதை நம் கண்ணாலேயே பார்த்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மி.மீ. மழை பதிவானது. ஒன்றரை ஆண்டு மழை ஒரே நாளில்! குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு சிக்கி நின்றது. வெள்ளம் வடிந்தபோது சில வயல்களில் வண்டல் படிந்திருந்தது. சில வயல்களை மணல் மூடியிருந்தது. வண்டல் படிந்த இடத்தில் அடுத்த பூவுக்கே நடவு போடலாம். மணல் மூடிய இடத்தில் முதலில் மணலை அள்ள வேண்டும். அள்ளாமல் விட்டால் அங்கே முளைப்பது நெல்லாக இருக்காது.

உப்பும் செம்மணலும்

மூன்றாவது பாதை தூத்துக்குடிக்கு. தட்டப்பாறை, மீளவிட்டான் தாண்டினால் நிலம் கடல் மட்டத்துக்கு இறங்கும். கடல்நீர் ஏறி இறங்கிய களியில் உப்பு தங்கிவிட்டது. குறைந்த மழை, காய்ச்சும் வெயில், ஓயாத காற்று மூன்றும் சேர்ந்து தூத்துக்குடியை உப்பு நகரமாக்கின. இங்கே வாழ வேண்டுமென்றால் உப்பை உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும் வித்தை தெரிந்திருக்க வேண்டும். உமரிக்கு அது தெரியும். அலை தொடும் கழிமுகச் சேற்றில் அலையாத்தி மூச்சு வேர்களை வெளியே நீட்டி நிற்கும். கரையின் மணல் மேட்டில் அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து மணலைப் பிடித்து வைக்கும்.

ஆற்றைத் தாண்டித் தெற்கே, திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனால் இன்னொரு அதிசயம்: தேரிக்காடு. இரத்தச் சிவப்பில் அலை அலையாக மணல். நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1883-இல் வெளியிட்ட மதுரை, திருநெல்வேலி மாவட்ட நிலவியல் நூலில் இந்தத் தேரிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகச் சீறிவரும் மேல்காற்று உள்நாட்டுச் செம்மண்ணை அள்ளி வந்து கடலோரம் கொட்டியது என்பது ஒரு விளக்கம். கடல் உள்வாங்கியிருந்த பழங்காலத்தில் வெளியே தெரிந்த கடலடி மணலைக் காற்று குவித்தது, பிறகு அது இரும்புத் துருவால் சிவந்தது என்பது இன்னொரு விளக்கம். எப்படியானாலும், கட்டியவர் காற்றுதான்.

மணலில் பனை, களியில் புல்: ஏன்?

பார்த்தால் பாலைவனம் மாதிரி இருக்கும் தேரியில் பனங்காடும் முந்திரியும் உடை மரமும் நிற்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி இந்தச் செம்மணல் வட்டாரத்துப் பனையின் கொடைதான். சத்து அதிகமுள்ள கரிசலில் மரம் இல்லை. சத்தே இல்லாத மணலில் மரம் இருக்கிறது. விந்தைதானே?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நல்ல வெயிலுக்குப் பிறகு 20 மி.மீ. மழை பெய்கிறது. வெடிப்பு மூடிய களிமண்ணில் அது ஏறத்தாழ 6 செ.மீ. ஆழம்தான் நனைக்கும். மறுநாள் வெயிலில் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சியதையும் களி கையைவிட்டு விடாது. தொட்டால் ஈரம் தெரியும், வேருக்குக் கிடைக்காது. மணலிலோ அதே 20 மி.மீ. ஏறத்தாழ 20 செ.மீ. வரை இறங்கிவிடும். மேல் மணல் காய்ந்து மூடிபோல் ஆகிவிட, அடியில் உள்ள ஈரம் தப்பிக்கிறது. அடுத்த மழை அதை இன்னும் கீழே தள்ளும். ஆழ வேர்விடும் மரத்துக்கு அது வங்கிக் கணக்கு மாதிரி. தேரியின் ஓரத்தில், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனை ஊறுவதும் இப்படி இறங்கிச் சேர்ந்த மழைதான்.

வறண்ட நாடுகளில் கனத்த மண்ணைவிட மணலே மரத்துக்கு நல்லது. மழை அதிகமுள்ள நாட்டில் இது தலைகீழ். இஸ்ரேலியச் சூழலியலாளர் இமானுவேல் நோய்-மெயிர் 1973-இல் இதை விரிவாக விளக்கினார். அதற்கு முன்பே, 1949-இல், சூடான் நாட்டு மரங்களைப் பற்றி வெளியான ஓர் ஆய்வு இதே உண்மையைத் தொட்டிருந்தது. அங்கே கோந்து தரும் ‘ஹஷாப்’ என்ற வேல மரம் மணலில் குறைந்த மழைக்கே வளர்கிறது. களிமண்ணில் அதே மரத்துக்குக் கூடுதல் மழை தேவைப்படுகிறது. நம் உடை மரத்தின் தூரத்துச் சொந்தம் அது.

எல்லைக் கோட்டை அழிக்கும் மரம்

இத்தனை நுணுக்கமாக வரையப்பட்ட வரைபடத்தின்மேல் ஒருவன் மை கொட்டினால் எப்படி இருக்கும்? சீமைக்கருவேலம் செய்வது அதைத்தான். மத்திய, தென் அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்த மரம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. வறட்சிக்கு விறகாகும் என்று பரப்பப்பட்டது. கரிசல், செவல், சரள், கண்மாய் உள்வாய், உப்பு ஓரம் எல்லாமே அதற்கு ஒன்றுதான். ஆடும் மாடும் காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பின. மழை பொய்த்து உழவு நின்ற கரிசல் காடுகளை அது எடுத்துக்கொண்டது.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்துச் சீமைக்கருவேலத்தை அகற்றும் வேலை ஊர் ஊராக நடந்தது நினைவிருக்கும். விஷயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். விளாத்திகுளம், ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இதுதான் அடுப்பெரிக்கும் வருமானம். வெட்டுவது பாதி வேலை. வெட்டிய இடத்தில் அந்த நிலத்துக்கு உரியது வராவிட்டால், அடுத்த மழைக்குச் சீமைக்கருவேலமே மறுபடி வரும். கரிசல் என்றால் உழவோ புல்லோ. கண்மாய் உள்வாய் என்றால் மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாத நாட்டுக் கருவேலம். சரள் மேடு என்றால் உசிலை, உடை, ஆவாரை.

மரம் நடும் விழாக்களிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். நர்சரியில் என்ன கன்று கிடைக்கிறது என்று பார்த்து நடுவதைவிட, நடப்போகும் இடம் சங்கிலியில் எந்தக் கண்ணி என்று முதலில் பார்ப்பது நல்லது. திறந்த கரிசல் வெளியில் குழி வெட்டி நூறு கன்று வைப்பதற்குப் பதிலாக, ஓடைக்கரை, நத்தம், மலையடி, கண்மாய்க்கரை என்று இடம் பார்த்துப் பத்து வைத்தால் பத்தும் நிற்க வாய்ப்பு அதிகம். மரம் இல்லாத இடமெல்லாம் தரிசு என்று சொல்லும் பழக்கத்தையும் விட வேண்டும். அந்த வெளியில் ஆடு மேய்கிறது, வெளிமான் ஓடுகிறது, மழை வந்தால் உளுந்து விளைகிறது.

செடி சொல்லும் சேதி

மனை வாங்கப் போகிறீர்களா, தோட்டம் போடப் போகிறீர்களா? அங்கே தானாக முளைத்திருப்பதை முதலில் பாருங்கள்.

* உமரி படர்ந்திருந்தால் மண்ணில் உப்பு ஏறியிருக்கிறது.
* நீர்முள்ளியும் கோரையும் கூட்டமாக நின்றால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளம்.
* மஞ்சணத்தி நின்று, கோடையில் ஆழ வெடிப்பும் இருந்தால் நல்ல கரிசல். வீட்டு அஸ்திவாரத்துக்கு இன்ஜினீயரிடம் தனியாகக் கேளுங்கள்.
* கொழுஞ்சி நிறைந்திருந்தால் பெரும்பாலும் மணல் கலந்த, வடிகாலுள்ள மண்.
* ஆவாரையும் உசிலையும் சேர்ந்து நின்றால் சரளை கலந்த மேட்டு நிலம்.
* சீமைக்கருவேலம் மட்டும் இருந்தால் அது எதையும் சொல்லாது. மண்ணைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, பென்சில் பருமனுக்குத் திரித்து, வளையலாக வளைக்க வேண்டும். உடையாமல் வளைந்தால் களி. பாதியில் விரிசல் விட்டால் செவல் மாதிரிக் கலப்பு மண். திரிக்கவே வரவில்லை என்றால் மணல். மணியாச்சியிலிருந்து மூன்று பக்கமும் போய் ஒவ்வொரு பிடி எடுத்து வந்தால் மூன்று விடையும் கிடைத்துவிடும். எந்த மண் என்று தெரிந்த பிறகு நர்சரிக்குப் போகலாம்.